ஐப்பசி டீசல்

பதினேழு சதம் ஈரத்தில் நெல் வாங்குகிறோம்.
பதினாலில் அரைக்கிறோம்.
நடுவே ஆவியாகிப் போகிற மூன்றுக்கும்
என் எக்செல் தாளில் ஒரு வரிசை உண்டு.
சாக்கு, சணல், சுமைகூலி,
பாய்லர் சோதனைக்கு வருகிறவருக்கு வாங்கும் பிரியாணி,
ஆளுக்கு இரண்டு டீ, மழை நாளில் மூன்று.
பங்குனியிலேயே எழுதி
பாயிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

போட்டது ஒரு பக்கம், ஆனது மறுபக்கம்.
மாதம் முடிந்தால் இரண்டுக்கும் நடுவில்
கால்குலேட்டரோடு நான்.

ஐப்பசியில் சிவப்பாக நின்றது டீசல்.
நானூறு லிட்டருக்கு நானூற்று முப்பத்தெட்டு.
"முப்பத்தெட்டும் ஒரே ராத்திரியிலயா?"
கூத்தாநல்லூர் முழுக்கக் கேட்கிற குரல்
நஜ்முதீன் பாய்க்கு.

பக்கிரிசாமி வந்து நின்றான்.
கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், ஊதா மருந்து.
"வெண்ணாறு ததும்பி வாய்க்கா எதுத்துக்கிச்சு பாய்.
கரண்டும் இல்ல.
பெரிய குடோன் வாசப்படியத் தொட்டுடுச்சு தண்ணி.
ஜெனரேட்டரப் போட்டு விடிய விடிய எறச்சேன்."

பெரிய குடோனில் அன்றைக்கு அறுநூறு மூட்டை.
ஒன்றுகூட நனையவில்லை.
நனைந்திருந்தால் நஷ்டம் என்று எழுத எனக்குத் தெரியும்.
நனையாததை எந்தக் கட்டத்தில் போடுவது?
மழை என்கிற சொல்லே என் தாளில்
டீக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

இருந்தாலும் பழக்கம் விடுமா.
மணிக்கு மூன்றரை லிட்டர், பத்து மணி நேரம்,
முப்பத்தைந்து.
"மிச்சம் மூணு?"

தலையைச் சொறிந்தான்.
"நம்ம நடவும் முங்கிக் கெடந்துச்சு மேடம்.
காலையில வீட்டுக்குப் போறப்ப
இஞ்சினுக்கு எடுத்துக்கிட்டேன்."

பாய் அவனைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.

எழுதினேன்:
முப்பத்தைந்து, சரக்குப் பாதுகாப்பு.
மூன்று, பக்கிரிசாமி பேரில் முன்பணம்,
தை அறுவடைக்குப் பிறகு பிடித்தம்.
பாய் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிவிட்டு
"பயிர் எந்திரிச்சுடுச்சா?" என்றார்.
"பாதி, பாய்."

அடுத்த வருஷத் தாளில்
டீசலுக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை திறந்தேன்: மழை.
நாற்பதாயிரம் கேட்டேன்.
மேகத்திடம் முன்கூட்டியே பேசி முடித்தவர்போல
இருபது போதும் என்றார்.