மீதிச் சில்லறை

காலை ஒன்பதுக்குச் சட்டம்.
பதினொன்றுக்குத் தத்துவம்.
நடுவே கல் பாவிய தெருவில் ஆறு நிமிட நடை,
காற்று எதிரே வந்தால் ஒன்பது.
அபர்தீனில் காற்று எதிரேதான் வரும்.

குற்றவாளி, குற்றமற்றவர்,
இரண்டும் போக நம் நீதிமன்றத்தில்
இன்னொரு தீர்ப்பு உண்டே, என்ன அது
என்று கேட்டார் கின்னெயர்ட்.
முன்வரிசை முழுக்கக் கை தூக்கியது.
நிரூபணமாகவில்லை.
விளைவு?
விடுதலை.
அப்படியானால் குற்றமற்றவருக்கும் இவருக்கும்
என்ன வேறுபாடு?
கைகள் இறங்கின.
சட்டத்தில் ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிப்
பலகையைத் துடைத்தார்.
அதை நீக்கிவிடலாமென்று அப்போதே பேச்சிருந்தது.
நான் குறித்துக்கொண்டேன்: ஒன்றுமில்லை.
அடிக்கோடும் இட்டேன்.

ஆகில்வி அம்மையாருக்கு அன்று சளி.
மூக்கைத் துடைத்தபடி தலைப்பு கொடுத்தார்:
ஒரு கூற்று மெய்யாகவும் இல்லாமல்
பொய்யாகவும் இல்லாமல் இருக்க முடியுமா?
இரண்டாயிரம் சொல். வெள்ளிக்கிழமைக்குள்.

வெள்ளிக்கிழமை நான் பீட்டர்ஹெட் பஸ்ஸில் இருந்தேன்.
மடியில் ஆயிரத்து நூறு சொல்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.

அம்மாவின் பெயர் சென்கா.
கூட்டுறவுக் கடையில் இரண்டாம் கல்லா.
போன ஏப்ரலில் ஜூரிக்குக் கூப்பிட்டார்கள்,
சாவுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு
நான்கு நாள் போய்வந்தாள்.
படகுக் கொட்டகை ஒன்று எரிந்த வழக்கு.
உள்ளே கட்டியிருந்த நாயும் எரிந்தது.
இதுவும் நான் செய்தித்தாளில் படித்ததுதான்,
ஐந்து வரி.
அம்மா சொல்லக் கூடாது.
பதினைந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது
அந்த அறையோடு போயிற்று.
ஏன் கூடாது, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு
என்பது எனக்குத் தெரியும். ஒப்பித்தேன்.
"தெரியுதில்ல, அப்ப கேக்காத" என்றாள்.

தீர்ப்பு மட்டும் ஊருக்கே தெரியும்.
அந்த மூன்றாவது.
பதினைந்து பேருமாக அவனுக்கு
ஐயமிட்டு அனுப்பினார்கள்.
அல்லது எட்டுப் பேர். எட்டு போதும்.
அந்த எட்டில் அம்மா உண்டா என்று
அவள் உருளைக்கிழங்கு சீவும்போதெல்லாம்
கையைப் பார்ப்பேன்.
கைக்கு ஒன்றும் தெரியாது.

கடை மூடும் நேரம்.
பையைத் தூக்க நான் கதவோரம் நின்றேன்.
முதல் கல்லா காலியாகத்தான் இருந்தது.
அவன் இரண்டாவதற்கு வந்தான்.
பால். அரை ரொட்டி.
ஒரு டப்பா நாய்த் தீனி.

எரிந்த நாய் யாருடையது என்று
செய்தித்தாள் எழுதவில்லை.

அம்மா டப்பாவைத் திருப்பினாள், கோடுகளைத் தேடி.
இயந்திரம் ஒரு முறை கத்தியது.
நாலு பவுண்டு முப்பது.
ஐந்தாக ஒரு தாள் நீட்டினான்.
எல்லாருக்கும் உள்ளங்கையில்தான் வைப்பாள் சில்லறையை,
அவனுக்கும் உள்ளங்கையில்தான் வைத்தாள்.
ஓர் ஐம்பது, ஓர் இருபது.
இரண்டே நாணயம்.
இரண்டு முறை எண்ணினாள்.

"குளிருது, இல்லையா" என்றான்.
"ஆமா" என்றாள்.

அவ்வளவுதான்.
வீட்டுக்கு நடக்கையில் அவள் பேசியதெல்லாம்
தண்ணீர்க் குழாய் உறைவதைப் பற்றி.
துறைமுகத்தில் ஏதோ ஒரு படகு
வெளிச்சத்தை அணைக்காமல் விட்டிருந்தது.

கட்டுரையை ஞாயிறு இரவு அனுப்பினேன்.
இரண்டு நாள் தாமதம், மதிப்பெண் குறையும்.
முடியும் என்று முடித்திருந்தேன்,
வாதம் சுத்தமாகத்தான் இருந்தது,
எனக்கே பிடிக்காத அளவுக்கு.
திரும்பி வந்தபோது கடைசிப் பக்க ஓரத்தில்
ஆகில்வியின் பச்சை மை:
எடுத்துக்காட்டு தருக.

கல் பாவிய தெருவில் நின்று
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
எழுபது பென்ஸ். இரண்டு முறை.

அடித்துவிட்டேன்.
சட்டத்துக்கு இன்னும் நான்கு நிமிடம்,
காற்று எதிரே.