சுமைகூலி

புதன்கிழமைப் பதிப்பு, நான்காம் பக்கம்.
பழைய டிராக்டர் விற்பனைக்கும்
தேவாலயத்து மீன் விருந்துக்கும் நடுவே
மாவட்ட நிர்வாகம் ஆள் கேட்டிருந்தது:

தேவை, செலவுக் குறைப்பு இயக்குநர் ஒருவர்.
துணை இயக்குநர்கள் மூவர்.
மேற்படியாருக்கு உதவியாளர்கள் எழுவர்.
சொந்தக் கத்தரிக்கோல் கொண்டுவர வேண்டாம்;
வாங்க நிதி ஒதுக்கியாகிவிட்டது.

சுண்டைக்காய் கால் பணம்.
மீதிக் கணக்கு உங்களுக்கே தெரியும்.

நெப்ராஸ்காவின் ஜனவரியில்
வாசகர் கடிதங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை.
கையுறையோடு உறை கிழிக்கப் பழகியிருக்கிறேன்.

மார்லிஸ் வொன்ட்ராசெக், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்:
"வரப்போகும் பதினொரு பேர் சம்பளத்தைக் கூட்டினேன்.
போகப்போகும் ஒன்பது பேர் சம்பளத்தைக் கூட்டினேன்.
கால்குலேட்டர்தான் பழுதென்று புதிது வாங்கினேன்.
அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது?"

டெல்பர்ட் கூல்மன், சோள விவசாயி:
"பலே! வெட்டுங்கள், எலும்பு தெரியும்வரை!
பின்குறிப்பு: என் சாலைக்குப்
பனி அள்ளும் வண்டி இன்னும் வரவில்லை."

பெயர் போட வேண்டாமென்ற ஒரு தாய்:
"பல் வைத்தியத்துக்குக் காப்பீடு உண்டா?
என் மகன் சும்மாதான் இருக்கிறான்.
சின்ன வயதில் திரைச்சீலையெல்லாம் வெட்டுவான்."

பிப்ரவரியில் பதினொரு நாற்காலிகள் வந்து இறங்கின.
வரவேற்பு கேக்கைப் பதினொரு துண்டாக்கினார்கள்.
முதல் வெட்டு; குறை சொல்ல முடியாது,
எல்லாம் ஒரே அளவு.
பிறகு நாய் உரிமம் எழுதுபவர் போனார்,
தானியத் தராசு சோதிப்பவர் போனார்,
பாலம் பார்க்கும் ஆர்லன் ஸ்வோபோடா போனார்.

ஆர்லனின் கடிதத்தில் புகார் எதுவும் இல்லை.
"வில்லோ ஓடைப் பாலம், வடக்குப் பக்கம்,
இரண்டாவது விட்டத்தில் ஒரு விரிசல்.
அக்டோபரில் என் சுண்டுவிரல் நகம் நுழைந்தது.
டிசம்பரில் சுண்டுவிரல்.
இதை எழுத ஒரு படிவம் இருந்தது.
படிவத்தை வைக்க ஒரு மேசை இருந்தது.
மேசைக்குப் பின்னால் லொரெட்டா இருந்தாள்.
ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்."

எங்கள் ஆசிரியரும் சிக்கனக்காரர்.
காகிதம் விலை ஏறியதிலிருந்து
கடிதம் ஒன்றுக்கு இருபது சொல்தான்.
பென்சிலை எடுத்தேன்.
முதலில் லொரெட்டாவை நீக்கினேன்.
மேசை, படிவம், இரண்டும் சுலபமாகப் போயின.
டிசம்பரில் கொஞ்சம் தயங்கினேன்,
டீ ஆறிக்கொண்டிருந்தது,
அதையும் அடித்தேன்.
அச்சில் வந்தது:
'ஓடைப் பாலத்தில் நகம் நுழையும் அளவு விரிசல்
இருப்பதாக வாசகர் ஒருவர் கருதுகிறார்.'

மறுவாரமே டெல்பர்ட்:
"நகம் நுழைவதைப் பார்க்க ஒரு ஆள்,
அவருக்கு ஒரு சம்பளம்!
இதைத்தான் நான் அப்போதே சொன்னேன்."
பதினோரு சொல். வெட்ட எதுவுமில்லை.
அப்படியே போட்டோம்.

வீட்டுக்கு எனக்கும் அந்த வழிதான்.
நேற்று மாலை முன்னால் டெல்பர்ட்டின் லாரி,
விளிம்பு தட்டும் சோளம்.
இக்கரையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.
பலகைகள் ஒவ்வொன்றாய் முனகின.
அந்த முனகலை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பாதிப் பாலத்திலேயே
இருபதைத் தாண்டிவிட்டது.