கடைசித் தாளில் பென்சில்

திருகோணமலைப் புகையிரத நிலையத்தில்
பொதிக் கந்தோர் என்னுடையது.
இரவு வண்டி போன பிறகு
நாற்பது நிமிஷம் யாரும் கூப்பிடமாட்டார்கள்.
வாசிப்பது அப்போதுதான்.
முடித்த புத்தகத்தின் கடைசித் தாளில்
பென்சிலால் நாலு வரி எழுதி
வெளி அலுமாரியில் வைப்பேன்.
கையொப்பம் வேண்டாம், காசு வேண்டாம்.
திரும்பி வராவிட்டால்
நல்ல புத்தகம் என்று எடுத்துக்கொள்வேன்.

"முதல் எண்பது பக்கம் மழை மட்டும்.
பொறுத்திருங்கள்.
எண்பத்தோராம் பக்கத்தில் ஒருத்தி கதவைத் திறப்பாள்."

இது நான் எழுதியதில் எனக்கே பிடித்தது.
பிடிக்காததும் உண்டு:

"வரலாறு என்று அட்டையில் போட்டிருக்கிறது.
அறுநூறு பக்கத்தில்
அரிசி என்ன விலை விற்றது என்று ஓரிடத்திலும் இல்லை."
கோபத்தில் எழுதியது.
பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது.

திமிங்கிலங்களைப் பற்றிய தடித்த நூலுக்கு
'நம்பகமானது' என்று ஒற்றைச் சொல் போட்டேன்.
உப்புவெளியில் படகோட்டும் மரியநாயகம் கொண்டுபோனார்.
இரண்டு கிழமை கழித்து வந்தது,
உப்புப் பூத்து, ஒரு சுற்றுப் பருத்து.
என் சொல்லுக்குக் கீழே நீலப் பேனை:
"இருபது நிமிஷம் மூழ்குமாம்.
நான் மணிக்கூடு பார்த்ததெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு.
இவர் எந்தக் கடலில் நின்று எண்ணினவர்?
ஆனால் அது விடுகிற மூச்சின் நாற்றத்தைச்
சரியாய் எழுதியிருக்கிறார், அழுகின கோவா.
அதுக்காக வாசிக்கலாம்."
என் சொல்லை அழிறப்பரால் தேய்த்தேன்.
அவருடையதை விட்டுவைத்தேன்.

பிறகு அந்த மான்.
இந்த ஊர் மான்கள் பஸ் நிலையத்தில்
எங்களோடு வரிசையில் நிற்கிறவை.
வாங்கில் மறந்து வைத்த துப்பறியும் நாவலின்
கடைசிப் பதினொரு பக்கத்தை
நின்று நிதானமாய்ச் சப்பித் தின்றது.
கொலைகாரன் யாரென்று
எனக்கும் அதற்கும் தெரியும்.
மிஞ்சிய அட்டையில் எழுதினேன்:
"முடிவு இல்லை. முன்பைவிட இப்போது நல்ல நாவல்."
அதற்குத்தான் இன்றைக்கும் அடிபிடி.

மஃபாஸாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.
கிண்ணியாவில் மருத்துவிச்சி.
கிழமைக்கு இரண்டு புத்தகம் முடிப்பார்,
மூன்றாவதைக் கேட்டு நிற்பார்.
நான் சிரிப்புக் கதைகளாய்க் கொடுத்தேன்.
கல்யாணக் குழப்பம், கஞ்சன் மாமா,
தொலைந்த ஆட்டைத் தேடும் இன்ஸ்பெக்டர்.
ஏழாவதைத் திருப்பித் தந்தபோது கேட்டார்,
"மேசைக்குக் கீழே என்ன வைத்திருக்கிறீர்கள்?"

அது அலை வந்த நாளைப் பற்றியது.
ஒரு நிருபர் வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுதியது.
நாலு மாதமாய் அலுமாரிக்கு ஏற்றவில்லை.
கடைசித் தாளில் ஒன்றும் எழுதவும் இல்லை.
"உங்களுக்கு வேண்டாம்," என்றேன்.
"எனக்கு என்ன வேண்டும் என்று
எட்டாவது தரம் நான் சொல்கிறேனே," என்றார்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் வந்துவிட்டது.
நான் வெறுமையாய் விட்ட தாளில்
மருந்துத் துண்டு எழுதுகிற நெருக்கமான கையெழுத்து:

"பக்கம் 143, ஐந்தாவது பெயர் பிழை.
நிஸ்மியா அல்ல, நஸ்மியா.
திருத்தியிருக்கிறேன்.
மற்றபடி நல்ல நூல்.
எல்லோரும் வாசிக்கவேண்டும்."

பென்சிலைச் சீவினேன்.
சீவிய தூளை ஊதினேன்.
எழுத ஒன்றும் வரவில்லை.
அலுமாரியின் நடுத்தட்டில்,
நிற்கிறவர் கண்ணுக்கு நேரே,
அதை வைத்தேன்.

"அடுத்தது?" என்று நின்றார்.
கை தானாகச் சிரிப்புக் கதைகளுக்குப் போனது,
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
தடித்த நாவலை எடுத்து நீட்டினேன்.
"முதல் எண்பது பக்கமும் மழை," என்றேன்.

பைக்குள் வைத்துக்கொண்டு,
"மழைதானே," என்றார்.