குட்டை ஊசிக்காரி

பதினோராயிரம் சொன்னதை
ஒன்பதரைக்கு முடித்து
பொம்மசந்திராவில் மூடிய கம்பெனியிலிருந்து
தக்காளி வண்டியில் வந்திறங்கிய பவர் மிஷின்
பர்கூரில் எங்கள் சிமெண்டு ஷீட்டுக்கு அடியில்
முதல் நாளே மூன்று ஊசி தின்றது.

நாலாவது ஒடியவில்லை.
அதற்குப் பதில் தையல் விட்டது.
ஏழு ஒழுங்கு, எட்டாவது இல்லை.
பத்து ஒழுங்கு, அப்புறம் இரண்டு இல்லை.
பாவாடை விளிம்பு
பல் விழுந்த பிள்ளை சிரிக்கிற மாதிரி.

செவ்வாய்க்குள் இருநூறு உள்பாவாடை.
உருப்படிக்கு நாலேமுக்கால்.
மெக்கானிக் சென்னகேசவன்
அடுத்த ஞாயிறுதான் வருவாராம்,
திறந்து பார்க்கவே ஐந்நூறாம்.
விற்ற அஸ்லம் பாஷா போனை எடுத்து
"இங்க ஓடிச்சே தங்கச்சி" என்றார்.

நூலை மாற்றினேன்.
ஊசியின் நீளப் பள்ளம் இடப்பக்கம் பார்க்கத்
திருப்பி மாட்டினேன்.
டென்ஷனை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி
எது பழைய இடம் என்பதையும் தொலைத்தேன்.
தட்டைக் கழற்றி, பற்களின் இடுக்கில்
யாரோ தைத்த நீலத் துணியின் பஞ்சைக்
குத்தி எடுத்தேன்.
மிஷின் எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தது
தைப்பதைத் தவிர.

ராத்திரி பத்து மணி.
கிரானைட் பாலிஷிலிருந்து வந்த திம்மராயன்
காதுமடலில் வெள்ளைத் தூளோடு
செல்போன் டார்ச்சைப் பிடித்து நின்றான்.
தலையைப் பின்னால் சாய்த்தோம்.
எண்ணெய்த் தொட்டியில்
ஒரு ஹேர்பின், ஆறு ஊசிமுனை.
மூன்றுதான் என்னுடையவை.
கழுத்தில், கை படாத ஓரத்தில்
ஒட்டிவைத்த மெரூன் பொட்டு.
அதன் கீழே பெயிண்டில்: லைன் 4, 31.

நானும் ஒரு லைனில் இருந்தவள்தான்.
மூன்று வருஷம், காலர் மட்டும்.
முழுச் சட்டையை அங்கே நான் பார்த்தது
சூப்பர்வைசர் உடம்பில்.

கைச்சக்கரத்தை என் பக்கம் சுற்றினேன்.
ஊசி இறங்கி, ஏறத் தொடங்கும்போது
கொக்கியின் மூக்கு வந்து
கண்ணுக்குச் சற்று மேலே
நூல் வளைவைக் கவ்வ வேண்டும்.
வந்தது.
கண்ணை விட்டு வெகு மேலே
வெறும் இரும்பை உரசிப் போனது.

"டார்ச்சை ஆட்டாதே."
"ஆட்டல மே. தூங்கறேன்."

முன்மூடியைத் திறந்து ஊசித்தண்டைத் துடைத்தேன்.
கறுத்த எண்ணெய்க்கு அடியில் ஒரு கோடு.
இன்னும் துடைத்தேன், இன்னொன்று.
நகத்தால் வருடினால்
நாலு.

நாலு எதற்கு?
கம்பெனியில் மெக்கானிக் எங்களை
ஸ்க்ரூடிரைவர் பக்கமே விடமாட்டார்,
ஆனால் அவர் டப்பாவில்
நெட்டை ஊசி தனியாக, குட்டை ஊசி தனியாக இருக்கும்.
ஆளுக்கு இரண்டு கோடு.

முப்பத்தொன்று குட்டை ஊசிக்காரி.
அவளுக்காக இறக்கி வைத்த தண்டில்
பஜாரில் கிடைத்த நெட்டை ஊசியை மாட்டி
மூன்று நாளாய் மிஷினின் அம்மாவைத் திட்டியிருக்கிறேன்.
மீதி மூன்று முனை யாருடையவை என்பதும் விளங்கியது.
அஸ்லம் பாஷா கடையிலும் நெட்டைதான்.

திருகைத் தளர்த்தித் தண்டை ஏற்றினேன்.
என் கோடு வந்து நின்றது.
கொக்கியின் மூன்று திருகையும் விட்டு
மூக்கை ஊசியின் நடுவுக்குக் கொண்டுவந்தேன்.
இரண்டுக்கும் இடையில்
தொட்டும் தொடாமல் ஒரு மெல்லிய தாள் போகணும்.
"தாள் ஏதாவது இருக்கா?"
தூக்கத்தில் சட்டைப்பையைத் துழாவி
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து நீட்டினான்.
பொங்கலுக்கே விட்டாச்சு என்றவன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தாள் சரியாக நுழைந்தது.

அவனுடைய பழைய லுங்கியில் ஓட்டினேன்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.
விளக்கில் பிடித்து விரலால் எண்ணினேன்.
முப்பத்தெட்டாவது கொஞ்சம் நீளம்,
மற்றபடி இருந்தது, எல்லாம் இருந்தது.

எண்ணெய்த் துணியால் உடம்பெல்லாம் துடைத்தேன்,
பொட்டைச் சுற்றி.

இரண்டு பாவாடை முடித்துப் படுக்கும்போது மணி ஒன்று.
இன்னும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
சிகரெட் விஷயம்
செவ்வாய்க்குப் பிறகு.