நாலேகால் கிலோ

எட்டரைக் கிலோ வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு
நாலேகால் கிலோ எஃகை மாட்டினாய், கோராஸ்த்.
மீதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
நான்தான் கேட்டேன்.
அடுப்படி மூலையைக் காட்டினாய்.

"குதிரைசக்தி கூடுமா?"
"கூடாது."
"பிறகு எதற்கு?"
"இருப்பதை ஒளித்து வைக்காது" என்றாய்
கிரீஸ் கையால் ரொட்டியைப் பிட்டபடி.

இத்ரியாவில், ஆற்றுப் பாலத்தைச் செப்பனிட
ஏற்றத்தின் நடுவில் ஒரு தற்காலிக விளக்கு நட்டிருந்தார்கள்.
இரவுப் பணி முடிந்து, காலை ஆறேகாலுக்கு,
உடுப்பெல்லாம் மருந்து வாசனையோடு
உன் நாலேகால் கிலோவை அங்கேதான் சந்தித்தேன்.
பச்சை விழுந்தது.
பதினோரு வருடம் பழகிய பதத்தில் கிளட்சை விட்டேன்.
ஒரு விக்கல். அணைந்தது.
மறுபடி விக்கல்.
பின்னால் பால் லாரிக்காரன்
ஹாரன்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான் போலிருந்தது.
மூன்றாவது முறை ஆக்ஸிலேட்டரை அலறவிட்டு
மஞ்சளில் தாண்டினேன்.
மருந்துக்கடை ஸ்லாவிட்சா ஜன்னலைத் திறந்து
சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு, உன் மலைப்பந்தயம்.
மூன்றாம் வளைவில் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால்
நானும் என் தெர்மாஸும்.
வருமுன்பே கேட்டது:
தொட்டால் எகிறும், விட்டால் சரியும் குரல்.
பிரேக்கில் விரலும் ஆக்ஸிலேட்டரில் குதிகாலுமாய்
கியரை இறக்கினாய் நீ.
ஒற்றைக் குரைப்பு, அவ்வளவுதான்,
பல்லோடு பல் பொருந்திவிட்டது.
இரண்டாம் கியரில் அதற்கு வெறி,
மூன்றாவதில் ஓரளவு ஆசை,
நான்காவதில் நம் பழைய ரெனோ,
மேட்டைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிற அதே ரெனோ.
மிச்சம்பிடித்தது ஒரு நொடியில் பத்தில் எட்டுப் பங்கு.
பதினான்காம் இடத்துக்கு வந்துவிட்டு
ஊரையே கட்டிப்பிடித்தாய்.

அன்றிரவு படுக்கையில் விளக்கினாய்:
ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையில்
என்ஜினுக்கு ஒரு சின்னச் சாவு உண்டாம்.
கனத்த சக்கரம் அந்தப் பள்ளத்தைத்
தன் வேகத்தால் தூர்த்துக்கொண்டே போகுமாம்.
நீ தூங்கிப்போனாய்.
நான் விழித்திருந்தேன்,
என் மந்தமான காலை இத்தனை காலம்
யார் மன்னித்துவந்தார்கள் என்று அறிந்துகொண்டு.

இப்போது மன்னிப்பில்லை.
நின்றால் கியர்பெட்டி
கரண்டிகள் போட்ட டப்பாவாய்க் கிலுகிலுக்கிறது.
கியர் மாற்றச் சற்றே தாமதித்தால்
முள் கிணற்று வாளியாய் இறங்கிவிடுகிறது,
மறுபடி இழுத்தால் வண்டியே முகம் குப்புற விழப்பார்க்கிறது.
காலை எடுத்தாலோ
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி நிற்கிறது.

நீ மாதத்துக்கொரு ஞாயிறு ஓட்டுகிறாய்.
நான் தினம் இரண்டு முறை
பனியிலும் உப்புச் சகதியிலும்
அந்த விளக்கில் நின்று புறப்படுகிறேன்.

நவம்பரில் உன் கணுக்கால் சுளுக்கியதே,
ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன்.
பாலத்துக்கு இறங்கும் கொண்டையூசி வளைவில்
யோசிக்காமல் என் குதிகால் திரும்பியது:
ஒற்றைக் குரைப்பு. இரண்டாம் கியர்.
உன் காப்பிக் கோப்பையில் அலைகூட எழவில்லை.
மேல்கைப்பிடியைப் பிடித்திருந்த உன் கை
மெல்லக் கீழே வந்தது.
"எங்கே கற்றாய்?"
"சிவப்பு விளக்கில்" என்றேன்.
அதற்குமேல் நீ பேசவில்லை. கால் வலித்திருக்கும்.

பழைய சக்கரம்
முட்டைக்கோஸ் ஊறுகிற ஜாடிப் பலகைமேல் இருக்கிறது.
அசையாமல் அழுத்துவதிலும் கெட்டிக்காரச் சக்கரம்.
நேற்று ஒருவன் நல்ல விலைக்குக் கேட்டானாம்.
பிப்ரவரி வரை பொறுக்கச் சொல்.
புளிக்கட்டும்.