விட்டுப்போன பக்கம்

இந்த நாட்டுக்குள் வருவதற்கு முன்பே
என்னைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.
எழும்பூரில், மூன்றாம் மாடியில்,
ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம்.
மஸ்கட்டில் இறங்கிய வாரமே இன்னொரு தடவை.
என்னால் யாருக்கும் கேடில்லை என்று
முத்திரை குத்தினார்கள்: ஃபிட்.
எனக்குள் ஏதும் கேடு உண்டா என்று கேட்க
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அதனால்தான்
வாதி கபீர் டைல்ஸ் கடைக்கு நோட்டீஸ் வந்தபோது
(பெண் ஊழியர்களுக்கு இலவசப் பரிசோதனை,
அக்டோபர் முழுக்க, ரோஸ் ரிப்பன் படத்தோடு)
ரசீதுக் கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
ஃபிட் ஆனவளுக்கு எதற்கு?
பக்கத்து நாற்காலி மரிசெல்தான்
என் பெயரையும் சேர்த்து எழுதினாள்,
ஜெபக்கனியை ஜபகானி ஆக்கி.
"வெளியே பன்னிரண்டு ரியால், தெரியுமா?"

திங்கள் மாலை.
வெயில் இறங்கியும் ரூவி மலைகள் சூட்டை விடவில்லை.
கிளினிக்குக்குள் கால்விரல் விறைத்தது.
ஷம்ஸா என்று சட்டையில் பெயர்.
என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பாள்.
கேட்டுக்கொண்டே போனாள்.
எவ்வளவு நேரம் தூக்கம்?
காலையில் என்ன சாப்பாடு?
(கரக் டீ சாப்பாட்டில் சேருமா?)
மாதாமாதம் சரியாக வருகிறதா?
அம்மா வழியில் யாருக்கும் புற்று உண்டா?
பெரியம்மா போனது உள்கட்டியில்.
எந்த உள், என்ன கட்டி,
எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.
தெரியாது என்றேன்.
தெரியாது என்றே எழுதிக்கொண்டாள்,
அதுவும் ஒரு பதில் போல.

கல்யாணம் ஆகிவிட்டதா?

பாஸ்போர்ட்டில் உள்ளதைச் சொன்னேன்.
இல்லை.
அவள் ஒரு தாளை அப்படியே புரட்டினாள்.
போகிற போக்கில் தலைப்பை மட்டும் பார்த்தேன்:
கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை.

மார்பைத் தானே தடவிப் பார்க்க
ரப்பர் பொம்மையில் காட்டிக் கொடுத்தாள்.
அதன் கட்டி பட்டாணி அளவு,
மூன்றாம் தடவைதான் விரலில் அகப்பட்டது.
ஹீமோகுளோபின் ஒன்பதரை.
மாத்திரையை டீயோடு விழுங்காதே என்றாள்.
முடிந்தது.

லிஃப்ட் வந்தது. ஒரு குடும்பம் இறங்கியது.
நான் ஏறவில்லை.

பதினோரு வாரம்.
நாகர்கோவில் ரிஜிஸ்டர் ஆபீஸில் இரண்டு சாட்சி.
பதினோரு வாரம் கழித்து
ஒரு பையோடு ஆட்டோவில் திரும்பியது.
"யாருகிட்டயும் சொல்லாத,
பாஸ்போர்ட்ல ஏறலல்லா, அது போதும்" என்று
அப்பா விசாவுக்குப் பணம் கட்டியது.
பாஸ்போர்ட்டில் ஏறாததெல்லாம்
உடம்பிலும் ஏறாதென்று
நானும் நம்பித்தான் இருந்தேன்.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.
"அந்தப் பக்கம்" என்றேன். "விட்டுப்போன பக்கம்."
அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும்
இரண்டும் இரவல். இருந்தும் புரிந்தது.
ஷம்ஸா பேனாவை மூடினாள்.
மூடி வைத்துவிட்டுத்தான் கேட்டாள்:
அவன் அடிப்பானா?

சிரித்துவிட்டேன்.
சிரிப்பு தீர்ந்த இடத்திலிருந்து சொன்னேன்,
இடது காது ஏன் மந்தம் என்பது வரை.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.
காதுக்கும் ஒரு சீட்டு எழுதினாள்.

திரைக்குப் பின்னால் கூரையில்
ஒரு பல்பு துடித்துக்கொண்டிருந்தது.
குளிர்ந்த இரும்பு. மூச்சை விடு என்றாள், விட்டேன்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன்,
பெரியம்மாவுக்கு எங்கே கட்டி என்று.
"இப்ப எதுக்கு மக்களே அது?"
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு மெதுவாக,
"கெர்ப்பப்பைன்னு சொன்னாவ."

பத்தாம் நாள்
நாற்பது சதுர மீட்டர் இத்தாலி மார்பிளுக்கு
பில் போட்டுக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தது:
எல்லாம் சரி. மூன்று வருடம் கழித்து வரவும்.

விசா இரண்டு வருடம்தான்.
அதிலும் ஏழு மாதம் போய்விட்டது.
இருந்தாலும் தேதியைக் குறித்தேன்,
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில், பெரிய எழுத்தில்.
குறையுமா என்று கேட்டார் வாடிக்கையாளர்.
குறையாது என்றேன்.