ஹோல்டான்

காப்பகத்துச் சீட்டில்
'வயது ஆறிருக்கலாம். சாது.
கொஞ்சம் பழக்க வேண்டும்' என்றிருந்தது.
என்னைப் பற்றியும் அப்படித்தான் எழுதுவார்கள்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில்
முதல் படியிலேயே நின்றுவிட்டது.
இருபத்திரண்டு கிலோ.
மூன்று மாடி தூக்கினேன்.

உட்கார் என்றால் படுத்துக்கொள்ளும்.
வா என்றால் சுவரைப் பார்க்கும்.
துடைப்பத்தை எடுத்தால்
கட்டிலுக்கடியில் ஒரு வால் மட்டும் நடுங்கும்.
பெருக்குவதை விட்டுவிட்டேன்.
துறைமுகத்துக் கரித்தூள்தானே,
நாளைக்கும் வரும்.

மூன்று பாக்கெட் பட்டர் பிஸ்கட் தீர்ந்தபோது
கீழ்வீட்டு மெர்சலின் சொன்னாள்,
"அது உன்னை நல்லாவே பழக்கிடுச்சு."

கொருக்குப்பேட்டை கேட்டில் கயிறு நழுவியது.
கூட்ஸ் வந்துகொண்டிருக்கிறது.
வா. உட்கார். நில்.
கத்திய எதுவும் அதன் காதில் ஏறவில்லை.
பின்னால் எவனோ ஒரு லாரி கிளீனர்
தகரத்தில் இரண்டு தட்டு தட்டி
"ஹோல்டான்!" என்றான்,
தன் டிரைவருக்கு.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
நாலு காலும் அப்படியே நின்றன.

எந்த யார்டு,
எந்தக் கண்டெய்னர் நிழல்,
யார் விட்டுப் போனது?
கூட்ஸ் முழுக்கக் கடக்கும்வரை
அதன் கழுத்தைப் பிடித்திருந்தேன்.

ராத்திரி முதல் படியில்
கைப்பிடிக் கம்பியை இரண்டு தட்டு தட்டி,
யாருக்கும் கேட்காமல்,
"ரைட்... ரைட்..."

முன்னங்கால் ஏறிவிட்டது.
பின்னங்கால் இன்னும் யோசிக்கிறது.